கரடி விதைத்த பாலை

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுப் பக்கம் தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பித்த காலம். காடு பற்றிய பாடத்தை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கினேன். அது பிழை. பிள்ளைகளின் கண் யன்னலுக்கு வெளியே போய்விட்டது. காட்டில் பாலை மரங்கள் பழுக்கிற காலம் வேறு. பாதிப் பேருக்கு உதட்டில் பழத்தின் பால் ஒட்டிக்கிடந்தது.

"கொப்பை வெட்டி விழுத்தித்தான் ரீச்சர் பழம் ஆயிறது. திரும்ப வளரும்தானே?" என்றான் ஒருவன்.

பாலை எவ்வளவு மெதுவாக வளரும் என்று சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை குளக்கட்டைத் தாண்டிக் காட்டோரம் கூட்டிக்கொண்டு போனேன். மிதிவெடி அகற்றிய இடம்தானா என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் உள்ளே போனதும் முதிரை, வீரை, விண்ணாங்கு என்று பட்டையைத் தடவியே பெயர் சொன்னார்கள். அதில் பாதி எனக்குத் தெரியாது.

ஒரு மாணவியின் அப்பு துணைக்கு வந்திருந்தார். பல காலம் தேனுக்குப் போனவர். வழியில் குந்தி, காய்ந்துகிடந்த எச்சத்தைத் தடியால் கிளறினார். உள்ளே கறுப்பாக, எண்ணெய் பூசினது போல மினுங்கும் விதைகள்.

"கரடி போட்டது. எல்லாம் பாலைக்கொட்டை."

முதலில் மூக்கைப் பொத்தினார்கள். அப்புறம் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 83 வந்தது. உலகத்தில் எட்டு வகைக் கரடி இருக்கிறது, இலங்கையில் இது ஒன்றுதான், பழம் தின்று நடக்கிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறது என்று நான் சொன்னபோது ஒருவரும் வெளியே பார்க்கவில்லை.

அப்புவின் தோளில் ஒரு நீளத் தழும்பு. பேத்தி கேட்டாள்: "உங்களைக் கரடி பிறாண்டினதுதானே அப்பு, பிறகேன் அதுக்குப் பரிஞ்சு கதைக்கிறியள்?"

"அது பழம் தின்னுற நேரம் நான் மரத்துக்குக் கீழ போய் நிண்டனான் மோனை. அதுகும் பயந்துதான் பாய்ஞ்சது."

இதை எந்தப் பாடத்திலும் என்னால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. எங்கள் பிள்ளைகளுக்குக் காடு தெரியும். அந்த மரங்களை யார் நட்டது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

விதைகளைக் கழுவிப் பால்மாப் பைகளில் போட்டோம். முளைத்தது 11. கன்றுகள் ஒரு வருடத்தில் ஒரு சாண்கூட வரவில்லை. கொப்பு வெட்டின பொடியன்தான் காலையில் வந்து தண்ணீர் விடுவான். "நான் ஓ.எல். சோதனை எழுதேக்க இது காய்க்குமா ரீச்சர்?" என்றான்.

"காய்க்காது. பாலைக்கு இன்னும் கனகாலம் வேணும்."

கொஞ்ச நேரம் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வைகாசியில் பழத்துக்குப் போனபோது அவனும் இன்னும் இரண்டு பேரும் கத்தி கொண்டுபோகவில்லை. மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் கொப்பை உலுப்பினார்கள். மற்றவர்கள் வெட்டத்தான் செய்தார்கள்.