பருத்தி இலை திடீரென்று சுருங்குகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்

மானாவாரி_பெரம்பலூர்:
வணக்கம். பருத்தி இலையெல்லாம் சுருங்கி, விரல் விரலாகப் பிரிந்து வெண்டை இலை மாதிரி ஆகிவிட்டது. குருத்து முறுக்கிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது. 2 ஏக்கர். என்ன மருந்து அடிக்கலாம்? காலையில் கடைக்குப் போகிறேன், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வயல்வரப்பு:
எத்தனை நாள் பயிர்? பக்கத்துக் காட்டில் என்ன இருக்கிறது? கடைசியாக என்ன அடித்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

மருந்துக்கடை_தம்பி:
வெள்ளை ஈ அண்ணே, சந்தேகமே வேண்டாம். இலைச்சுருட்டு வைரஸ். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிவிட்டு உடனே மருந்து அடியுங்கள். என்ன மருந்து என்று தனியாகச் சொல்கிறேன்.

நுண்சத்து:
வைரஸ் எல்லாம் இல்லை. குருத்து கோணினால் போரான் பற்றாக்குறைதான். கரிசல் மண்ணில் இது சகஜம். போரான் தெளித்தால் சரியாகிவிடும்.

வயல்வரப்பு:
நுண்சத்து அண்ணே, போன மாதம் மிளகாய்க்கும் போரான், அதற்கு முன்னால் நிலக்கடலைக்கும் போரான். அவர் இன்னும் பயிர் வயதே சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_அலுவலர்:
புரட்டாசி, ஐப்பசி வந்தால் இதே கேள்வி. இந்த மன்றத்தில் பழைய இழைகளை, அதாவது பழைய கேள்வி பதில்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் கிடையாது. பயிர் வயது இல்லை, படம் இல்லை, அடித்த மருந்து இல்லை. ஆனால் பதில் மட்டும் காலைக்குள் வேண்டும்.

வைரஸ் என்று சொன்ன தம்பிக்கு: இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னீர்களா? இலைச்சுருட்டு வைரஸ் என்றால் நரம்பு தடித்து, அடிப்பக்கத்தில் குட்டி இலை போல ஒரு வளர்ச்சி வந்திருக்கும். அது பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்துப் பெரிய தலைவலி. தத்துப்பூச்சி என்றால் ஓரம் மஞ்சளாகி, சிவந்து, கீழ்நோக்கிக் கவியும். இவர் சொல்வது இரண்டுமே இல்லை.

மானாவாரி_பெரம்பலூர்:
45 நாள் ஐயா. படம் ஏறமாட்டேன் என்கிறது. இலைப்பேனுக்கு ஒரே ஒரு தடவைதான் அடித்தேன், பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். வேறு ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் மக்காச்சோளம்.

ஓய்வுபெற்ற_அலுவலர்:
மக்காச்சோளம் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் எழுதவேண்டிய வேலை இருந்திருக்காது. இது 2,4-டி. களைக்கொல்லி. புல் இனமான சோளம், மக்காச்சோளம், கரும்பு தாங்கிக்கொள்ளும். அகன்ற இலைப் பயிர் தாங்காது. அதிலும் பருத்தி, திராட்சை, தக்காளிக்கு வாடை பட்டாலே போதும். செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போல வேலை செய்வதால் குருத்து கட்டுப்பாடு இல்லாமல் வளர்ந்து முறுக்கும். இலையின் சதை குறைந்து நரம்பு மட்டும் நெருக்கமாக ஓடும்.

வயல்வரப்பு:
ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் காற்றில் வந்ததா, டேங்கில் வந்ததா என்று பார்க்கவேண்டும். மக்காச்சோளக் காட்டு ஓரம் ரொம்ப மோசமாகவும், உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் காற்று. நீங்கள் முதல் டேங்க் அடித்த இடம் மோசமாகவும், கடைசி டேங்க் அடித்த இடம் தேவலையாகவும் இருந்தால் தெளிப்பானில் மிச்சம் இருந்திருக்கிறது. காட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துச் சொல்லுங்கள்.

பஞ்சகவ்யம்:
2,4-டி என்பது வியட்நாமில் காட்டை அழிக்க அமெரிக்காக்காரன் விமானத்தில் கொட்டிய விஷம். அதைத்தான் நம் ஊரில் கடையில் வைத்து விற்கிறார்கள். ஏஜென்ட் ஆரஞ்சு என்று தேடிப் பாருங்கள். இப்போது பருத்திக்கு அழுது என்ன பயன்?

கரிசல்காட்டான்:
பாதிதான் சரி தோழரே. ஏஜென்ட் ஆரஞ்சில் 2,4-டி பாதி, 2,4,5-டி என்ற வேறொரு களைக்கொல்லி பாதி. குழந்தைகள் ஊனமாகப் பிறந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் டையாக்சின், 2,4,5-டி தயாரிப்பில் கலந்து வந்த கசடு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

பஞ்சகவ்யம்:
அப்படியானால் 2,4-டி குடிக்கலாம் என்கிறீர்களா? 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே இதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கரிசல்காட்டான்:
குடிக்கலாம் என்று நான் எங்கே சொன்னேன்? இருக்கலாம் என்ற அளவில் உள்ள பட்டியல் அது. நிச்சயம் என்று சொல்லும் பட்டியல் வேறு. களை எடுக்க ஆள் கிடைக்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு பேசிப் பாருங்கள்.

பஞ்சகவ்யம்:
ஆள் கிடைக்காததற்கு விஷம்தான் வழியா?

வயல்வரப்பு:
இதற்கு வேறு இழை தொடங்குங்களேன். பருத்திக்காரர் காத்திருக்கிறார்.

மானாவாரி_பெரம்பலூர்:
நடந்து பார்த்தேன். கிணற்றுப் பக்கம்தான் ரொம்ப மோசம், அங்கிருந்துதான் அடிக்க ஆரம்பித்தோம். மக்காச்சோளம் எதிர்ப்பக்கம், அங்கே பரவாயில்லை. பவர் ஸ்பிரேயர் வாடகைக்கு எடுத்தது. அவரிடம் கேட்டேன், முந்தின நாள் மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்தாராம். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன் என்கிறார்.

வயல்வரப்பு:
அதுதான். வெறும் தண்ணீருக்கு இது போகாது. குழாய், வடிகட்டி, நாசில் எல்லாவற்றிலும் தங்கும். எண்ணெய்க் கரைசலாக வரும் 38 சதவீத எஸ்டர் வகை 2,4-டி என்றால் இன்னும் மோசம், ஆவியாகியும் போய்ச் சேரும். சலவை சோடா கரைத்து டேங்க் நிறைய ஊற்றி, குழாய் வழியாகக் கொஞ்சம் விட்டுவிட்டு, இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் இரண்டு மூன்று தடவை அலசவேண்டும். அப்புறமும் ஓரத்தில் நாலு செடிக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மீதி. முடிந்தால் களைமருந்துக்குத் தனி தெளிப்பான்.

இப்போது நாளைக்குக் கடைக்குப் போகாதீர்கள். மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. பழைய இலை திரும்ப நேராகாது, அதைப் பார்த்துக் கவலைப்படவேண்டாம். லேசாகப் பட்டிருந்தால் புதுத் துளிர் நேராக வரும். சப்பை, அதாவது பூமொட்டு கொட்டும், காய்ப்பு தள்ளிப்போகும். செடியை அழித்துவிடாமல் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். புதுத் துளிர் சரியாக வந்தபின் லேசாக யூரியாக் கரைசல் தெளிக்கலாம்.

நுண்சத்து:
யூரியாவுடன் போரானும் சேர்த்தால் நல்லது.

ஓய்வுபெற்ற_அலுவலர்:
போரான் வேண்டாம்.

மருந்துக்கடை_தம்பி:
வாடகைக்காரர் நஷ்டஈடு தரணும் அண்ணே. விடாதீர்கள்.

கரிசல்காட்டான்:
எழுதி வாங்கியா வாடகைக்கு எடுத்தார்? எங்கள் ஊரில் ஒருவர் கேட்டுவிட்டு அடுத்த போகத்துக்கு ஸ்பிரேயரே கிடைக்காமல் அலைந்தார்.

ஓய்வுபெற்ற_அலுவலர்:
வட்டார வேளாண்மை அலுவலகத்தில் செடியோடு போய்க் காட்டிப் பதிவு செய்துவையுங்கள். பிடுங்கிக் காயவைத்துக் கொண்டுபோகாதீர்கள், வேரோடு ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். இதையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

மானாவாரி_பெரம்பலூர்:
துளிர் நேராக வருகிறது. கிணற்றுப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது, மீதி தேறும். எல்லாருக்கும் நன்றி.

தோட்டம்_திருச்சி:
வணக்கம் அண்ணே, எங்கள் மாடியில் தக்காளி இலையும் இதே மாதிரி சுருங்குது. என்ன அடிக்கலாம்?

வயல்வரப்பு:
எத்தனை நாள் செடி? கடைசியாக என்ன அடித்தீர்கள்?