ஆயுதமே இல்லாத குட்டி விமானத்திடம் சரணடைந்தது ஏன்?

குமரிக்காரன்:
1991 வளைகுடாப் போரில், குவைத்தின் ஃபைலகா தீவில் ஈராக்கிய வீரர்கள் ஒரு ஆளில்லா விமானத்தைப் பார்த்து வெள்ளைத் துணி அசைத்தார்களாம். அதில் துப்பாக்கிகூட இல்லை. அப்படியென்ன பயம்?

பழைய கன்னர்:
பீரங்கிப் படையில் 17 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். பயம் விமானத்தின் மேல் இல்லை, அதற்குப் பின்னால் வருவதன் மேல். பயோனியர் என்ற அந்த ஆளில்லா வேவு விமானம், அமெரிக்காவின் விஸ்கான்சின் போர்க்கப்பலிலிருந்து கிளம்பியது. இறக்கை அகலம் 5 மீட்டர்தான். ஆனால் கப்பலில் இருந்தவை 16 அங்குல பீரங்கிகள்; ஒரு குண்டே 850 கிலோவுக்கு மேல். முதல் குண்டு எங்கே விழுந்தது என்று கேமரா காட்டிவிடும். 'இடப்பக்கம் 100 மீட்டர், தூரம் 200 மீட்டர் கூட்டு' என்று குறியைத் திருத்தினால் அடுத்தது தலையில்தான். எங்கள் காலத்தில் இதற்கு ஒருவன் பைனாகுலரோடு மலையேறிக் குளிரில் படுத்துக் கிடக்க வேண்டும். எனக்கு முழங்கால் போனதே அதில்தான்! அந்த வீரர்களுக்கு இரைச்சல் கேட்டாலே அடுத்தது என்னவென்று தெரிந்திருக்கும்.

குமரிக்காரன்:
சரி, சுட்டு வீழ்த்த முடியாதா?

பழைய கன்னர்:
முடியும். ஆனால் சுட்டால் நீ இருக்கும் இடம் தெரிந்துவிடுமே.

வன்னியான்:
இலங்கைப் போரின்போது வன்னியில் நாங்கள் இப்படிப்பட்ட வேவு விமானத்தை 'வண்டு' என்போம். சத்தம் கேட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவா, புகை தெரியக்கூடாதென்று. சோறு பாதி வேக்காட்டில் கிடக்கும். இப்பவும் கல்யாண வீட்டில் ட்ரோன் கேமரா பறந்தால் நான் உள்ளே போய்விடுவேன்.