வரத்துக்கால் சுத்தம் பண்ண பசங்கள கூட்டிட்டுப் போகணும், முன்ன நிக்கிறவன் என்னென்ன கத்துக்கணும்?

காரைக்குடி_பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் காரைக்குடி பக்கத்துல. ஊரணிக்கு தண்ணி கொண்டாந்த வரத்துக்கால் இப்ப முழுக்க சீமைக்கருவேலம் மூடிக் கெடக்கு, மழை நல்லா பெஞ்சாலும் தண்ணி ரோட்டப் பாத்து ஓடிருது, ஊரணி பாதிகூட நெறைய மாட்டேங்குது. இந்த கோடை லீவுல ஊர்ப் புள்ளைகளே சேந்து சுத்தம் பண்ணலாம்னு பேசி முடிவாயிருச்சு, 15 பேர் வரைக்கும் வருவாங்க, பாதிப்பேர் காலேஜ், மிச்சம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற புள்ளைங்க, பொம்பளப் புள்ளைகளும் இருக்காங்க. என்னைய பொறுப்பா இருந்து நடத்தச் சொல்லிட்டாக. எனக்கு மம்பட்டி பிடிக்கத் தெரியும், விவசாய வேலை தெரியும், ஆனா இத்தனை பேர வெயில்ல நிறுத்தி வேலை வாங்குறது, அடிபட்டா பாக்குறது, எந்த ஆபீஸ்ல போயி கேக்கணுங்கிறது இதெல்லாம் புதுசு. முறையா எங்கயாச்சும் பயிற்சி எடுக்க முடியுமா? ரெண்டு மாசம் கையில இருக்கு. இத நல்லபடியா செய்யணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு_வாத்தியார்:

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கீக. நான் காலேஜ்ல நாட்டு நலப்பணித் திட்டம் பாத்தவன். 1969ல ஆரம்பிச்சது அது, ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் சேவை, அது போக ஏழு நாள் சிறப்பு முகாம், இதான் கணக்கு. உங்களுக்கு நான் சொல்ற மொத பயிற்சி, பக்கத்துல எந்த காலேஜ் முகாம் நடந்தாலும் அங்க போயி ரெண்டு நாள் கூட நில்லுங்க. வேலை செய்யப் போகாதீக, அந்த திட்ட அலுவலர் காலைல யார எங்க பிரிச்சு விடுறாரு, சோத்துக்கு எத்தன மணிக்கு ஆள் அனுப்புறாரு, சண்டை வந்தா என்ன பண்றாருன்னு பாருங்க, இது கிளாஸ்ல உக்காந்து வர்றதில்ல. முதலுதவிக்கு செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் வகுப்பு எடுத்து சான்றிதழ் குடுக்குறாக, அத கண்டிப்பா முடிச்சிருங்க. ஒரு ஆள் பத்தாது, உங்க கூட இன்னொருத்தரும், முடிஞ்சா ஒரு பொம்பளப் புள்ளையும் சேந்து படிக்கட்டும்.

அடுத்தது அனுமதி. இதுலதான் நெறைய எளவட்டங்க தடுக்கி விழுறாங்க. ஊரணி யாரு பேருல இருக்குன்னு விஏஓகிட்ட அ பதிவேட்ட பாத்துக்குங்க, சில ஊரணி ஊராட்சி, சிலது கோயில். வரத்துக்கால் கண்மாய்லேருந்து பிரியுதுன்னா அந்த கண்மாய் ஆயக்கட்டு, அதாவது அதுல பாசனமாகுற நெலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். இன்னொன்னு, பொறம்போக்குல நிக்கிற கருவேல மரத்துக்கு விலை இருக்கு, ஏலம் விடுவாக, கரிமூட்டம் போடுறவுக எடுப்பாக. நீங்க நல்லதுன்னு நெனச்சு வெட்டி எடுத்துட்டுப் போனா ஏலம் எடுத்தவரு சண்டைக்கு வருவாரு, வந்தா அவர் பக்கம் நியாயம் இருக்கும். வண்டல் அள்ளுறதுக்கும் தனியா அனுமதி இருக்கு, ஒரு டிராக்டர் மண்ணுகூட கேக்காம வெளிய போகக்கூடாது. எல்லாத்தையும் மனுவா எழுதிக் குடுத்து ரசீது வாங்கி வைங்க. ஆபீஸ் முடிஞ்ச கையோட ஊர் அம்பலத்தையும் பெரியவுகளையும் பாத்துப் பேசிருங்க, வரத்துக்கால் ஓரத்துல வயல் வச்சிருக்கவுக வீட்டுக்கு நேராவே போங்க. கால்வாய்ல பாதிய வரப்பா மாத்திக்கிட்டவுக இருப்பாக, அத மம்பட்டியோட போயி பேசுனா காரியம் கெட்டுப்போகும், பசங்கள அந்தப் பேச்சுக்குள்ள இழுக்கவே கூடாது.

திருப்பத்தூர்_சம்சாரி:

வாத்தியாரய்யா சொன்னது சரி. நான் மரத்தப் பத்தி சொல்றேன்.

மொத நாள் மம்பட்டிய குடுக்காம பசங்கள நடக்க விடுங்க, சீமைக்கருவேலம் எது நாட்டுக்கருவேலம் எதுன்னு ஒவ்வொருத்தரும் காட்டணும். சீமைல பூ நீளமா வால் மாதிரி தொங்கும், நெத்து சப்பையா நீளமா இருக்கும். நாட்டுக்கருவேலத்துல பூ மஞ்ச உருண்டை, காய் முத்துக் கோத்தாப்புல இடுப்பு இடுப்பா சுருங்கி இருக்கும். இது தெரியாம வெட்டுறவங்க நாட்டு மரத்த சாச்சுட்டுப் போயிடுறாங்க, பாக்க வயிறு எரியுது. கூடு இருந்தா எந்த மரம்னாலும் விட்டுருங்க. எங்க பக்கம் வேட்டங்குடி கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, 1977லேருந்து அது சரணாலயம், அங்க கண்மாய்ல நிக்கிற மரத்துலதான் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடு கட்டுது. முடிஞ்சா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பசங்கள அங்க கூட்டிட்டுப் போங்க, ஆனா சீசன் மழைக்காலத்துலேருந்து மாசி வரைக்கும்தான், கோடைல போனா வெறும் கண்மாயத்தான் பாக்கலாம்.

அப்பறம் வெட்டுற முறை. தரையோட வெட்டிவிட்டா அடுத்த மழைக்கு ஒண்ணுக்கு பத்தா தூர்ல தழைச்சு வரும், முன்னவிட அடர்த்தியா நிக்கும். தூரச் சுத்தி மண்ண பறிச்சு ஒரு அடிக்குக் கீழ வேரோட எடுக்கணும். கையால பெரிய மரம் எடுக்கிறது உங்க பசங்களுக்கு ஆகாது, அத ஊராட்சி மூலமா மிஷின் வச்சு எடுக்கச் சொல்லுங்க, பசங்களுக்கு கைத்தண்டி மரமும் கன்னும் போதும். மழை பெஞ்சு மண்ணு இளகுன மறுநாள் கன்னுகள கையாலயே பிடுங்கலாம், அவ்வளவு லேசா வரும், அதனால கோடைமழை வந்தா அந்த நாள வீணாக்காதீங்க. நெத்த கூட்டி அள்ளி எரிச்சிருங்க, ஆடு மாடு தின்னுச்சுன்னா சாணில விதை போயி எல்லா இடமும் மொளைக்கும். முள்ள கையால தூக்கவே விடாதீங்க, நுனி ரெண்டா பிரிஞ்ச கவைக்கம்பு ஆளுக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்து தள்ளச் சொல்லுங்க. செருப்போட வர்றவங்கள திருப்பி அனுப்பிருங்க, டயரையே குத்துற முள்ளு அது.

மிஷின் வந்துச்சுன்னா ஊரணிக்குள்ள எறங்க விடாதீங்க. அடியில களி இருக்குல்ல, அத தோண்டிட்டா தண்ணி நிக்காம கீழ எறங்கிரும். செம்பராங்கல் படி கட்டுன ஊரணின்னா கல்லுக்கு நடுவுல மொளைச்ச அரசங்கன்ன கடப்பாரை போட்டு நெம்பாதீங்க, படியே சரிஞ்சு வந்துரும், அறுத்துவிட்டு ஒரு கொத்தனார கூப்பிட்டுக் காட்டுங்க.

தேவகோட்டை_நர்ஸ்அக்கா:

தம்பி, நான் செவிலியரா வேலை பாக்குறேன், ஒடம்பு சம்மந்தமானத மட்டும் சொல்றேன், இத நல்லா மனசுல வச்சுக்கங்க.

கருவேலம் பொதர்ல பாம்பு இருக்கும். கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், நல்லபாம்பு, சுருட்டை நாலும் நம்ம மாவட்டத்துல உண்டு. பொதருக்குள்ள கை விடுறதுக்கு முன்ன கம்பால தட்டணும், கல்ல பெரட்டுனா தன் பக்கமா பெரட்டணும், அப்பதான் உள்ள இருக்கிறது அந்தப் பக்கம் போகும். கடிச்சிருச்சுன்னா கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, வாய வச்சு உறிஞ்சாதீங்க. புள்ளைய படுக்க வச்சு, கடிபட்ட கையயோ காலயோ கட்டை வச்சு அசையாம துணியால சுத்தி, மோதிரம் கொலுசு கழட்டி, கடிச்ச நேரத்த குறிச்சுக்கிட்டு 108க்கு போன் போடுங்க. நடக்க விடாதீங்க. கட்டுவிரியன் கடிச்சா வலியும் வீக்கமும் இல்லாமகூட இருக்கும், ஒண்ணும் இல்லையேன்னு வீட்டுக்கு அனுப்பிறாதீங்க. விஷமுறிவு மருந்து எந்த ஜிஹெச்ல இருக்குன்னு வேலைக்கு முன்னாடியே விசாரிச்சு, அந்த நம்பர ரெண்டு பேர் போன்ல ஏத்தி வைங்க, ஒரு பைக்கோ காரோ எப்பவும் சாவியோட நிக்கட்டும்.

வெயில் இன்னும் மோசம், ஏன்னா யாரும் அத பெருசா எடுத்துக்க மாட்டாங்க. காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணிக்கு முடிச்சிருங்க, அதுக்கு மேல யாரு கேட்டாலும் சரின்னு சொல்லாதீங்க. தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காம அரைமணிக்கு ஒருக்கா மோரோ உப்பு போட்ட நீராகாரமோ குடிக்க வைங்க, ஓஆர்எஸ் பாக்கெட் கையில இருக்கட்டும். யாராச்சும் தலை கிறுகிறுங்குதுன்னு சொன்னா உடனே நெழல். சம்மந்தமில்லாம உளறுனாலோ, ஒடம்பு கொதிச்சாலோ, அது ஆபத்து, ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே 108.

பொம்பளப் புள்ளைங்க வர்றாங்கன்னு சொன்னீங்க, சந்தோசம். அவங்களுக்கு பாத்ரூம் எங்கன்னு மொத நாளே ஏற்பாடு பண்ணுங்க, பக்கத்துல ஒரு ஆச்சி வீடோ பள்ளிக்கூடமோ. இது இல்லாததால தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டு மயங்கி விழுவாங்க, காரணத்த வெளிய சொல்லவும் மாட்டாங்க. 18 வயசு ஆகாதவங்களுக்கு அப்பா அம்மா கையெழுத்து போட்ட கடிதம் வேணும், கோடாலியும் மிஷினும் அவங்க கைக்குப் போகக்கூடாது, நெத்து பொறுக்குறது, கன்னு பிடுங்குறது, தண்ணி குடுக்குறது போதும். முள்ளு குத்துனா டிடி ஊசி போட்டாச்சான்னு கேளுங்க, வலிப்பு, ஆஸ்துமா, சுகர் இருக்கான்னு தனியா கூப்பிட்டுக் கேளுங்க, எல்லார் முன்னாடியும் கேட்டா சொல்ல மாட்டாங்க.

பள்ளத்தூர்_டு_அமெரிக்கா:

அண்ணே, சொந்த ஊர் பள்ளத்தூர், இப்ப அமெரிக்கால இருக்கேன், இங்க அரசாங்க காட்டுல நடபாதை போடுறது, களைச்செடி எடுக்குறதுக்கு எளவட்டங்கள குழு குழுவா அனுப்புவாங்க, அதுல ஒரு கோடை குழுத்தலைவரா இருந்தேன். இங்க அது பழைய ஏற்பாடு, 1933ல ரூஸ்வெல்ட் காலத்துல பொருளாதார மந்தத்துல வேலையில்லாத பசங்களுக்காக ஆரம்பிச்ச படை, 1942 வரைக்கும் 30 லட்சம் பேர் கிட்ட அதுல வேலை பாத்தாங்க, கோடிக்கணக்குல மரம் நட்டாங்க, பூங்கா பாதை எல்லாம் இன்னிக்கும் நிக்கிது. 1957லேருந்து மாணவர்களுக்குன்னே தனி அமைப்பு ஒண்ணும் இருக்கு. தலைவரா போறவங்களுக்கு ஆஸ்பத்திரி தூரமா இருக்குற எடத்துக்குன்னு தனி முதலுதவி வகுப்பு உண்டு, சின்னது 16 மணி நேரம்.

அங்க கத்துக்கிட்டதுல நம்ம ஊருக்கு அப்படியே ஆகுறது ரெண்டு விசயம். தினமும் வேலை தொடங்குறதுக்கு முன்ன பத்து நிமிசம் வட்டமா நின்னு இன்னிக்கு என்ன வேலை, எங்க ஆபத்து, யாரு யாரோட ஜோடின்னு பேசுவோம், அத தலைவரே பேசாம தினம் ஒரு பையனோ பொண்ணோ பேசணும். கூச்சப்படுற புள்ளைகூட மூணாவது நாள் நல்லா பேசும், அவங்களே சொன்ன விதிங்கிறதால மீற மாட்டாங்க. இன்னொன்னு கருவிக்கு எடைவெளி, மம்பட்டியோ கோடாலியோ வீசுற ஆளுக்கு பத்தடிக்குள்ள யாரும் வரக்கூடாது, பின்னால போறவங்க சத்தமா சொல்லி, அவரு கருவிய எறக்குனப்பறம்தான் தாண்டணும். வெட்டரிவாள தோள்ல போட்டுக்கிட்டு நடக்குறத மொத நாளே நிறுத்திருங்கண்ணே.

தலைவரு வேலை செய்யாம நடந்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க, எனக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, நம்ம ஊர்ல வளந்தவனுக்கு மத்தவங்க வெயில்ல நிக்கும்போது சும்மா நடக்க மனசு வராது. ஆனா குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தா எந்தப் புள்ளை மொகம் சிவந்திருக்கு, எவன் கோவமா இருக்கான்னு கண்ணுக்குத் தெரியாது.

காரைக்குடி_பக்கம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அக்கா சொன்னத பிரிண்ட் எடுத்து வச்சுக்கிறேன். விஏஓவ திங்கக்கெழம பாக்குறேன், முதலுதவி வகுப்புக்கு நானும் எங்க ஊர் நர்சிங் படிக்கிற தங்கச்சியும் போறோம். ஒரு சந்தேகம், வரத்துக்கால் ரெண்டு கிலோமீட்டர் கிட்ட வரும், இந்த லீவுக்குள்ள முழுசும் முடியுமா?

ஓய்வு_வாத்தியார்:

முடியாது தம்பி, முடிக்கணும்னு ஓடாதீக. ஊரணி வாய்லேருந்து ஆரம்பிச்சு மேல போங்க, 200 மீட்டர் ஆனாலும் தூர் மிச்சமில்லாம எடுங்க. அப்பதான் ஐப்பசி மழைக்கு பக்கத்து வயக்காட்டுத் தண்ணியாவது ஊரணிக்குள்ள எறங்குறத புள்ளைக பாப்பாங்க, அதப் பாத்தவங்க அடுத்த கோடைக்கு நீங்க கூப்பிடாமயே வருவாங்க. ஆவணி புரட்டாசில பனம்பழம் விழும், அந்தக் கொட்டையப் பொறுக்கி, நீங்க சுத்தம் பண்ணுன கால்வாய்க் கரைல பத்தடிக்கு ஒண்ணா ஊனச் சொல்லுங்க, தண்ணி போற வழிக்குள்ள வேண்டாம், கரைல மட்டும். மழைக்குப் பின்ன மொளைக்கிற கருவேலங் கன்ன பிடுங்குறதுக்கு மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வச்சு, எந்த மாசம் யாரு பொறுப்புன்னு இப்பவே பேரெழுதி வாங்கிருங்க, லீவு முடிஞ்சு காலேஜ் தொறந்துட்டா ஆள் கெடைக்காது.

திருப்பத்தூர்_சம்சாரி:

கவைக்கம்பு நான் வெட்டித் தாரேன் தம்பி. தேதி முடிவானா இங்கயே போடுங்க.