சிவப்புப் புள்ளி இருக்கிறது, பச்சை வரவில்லை: உதவி தேவை

ஊட்டி மாணவி:
வணக்கம். ஊட்டியில் எம்.ஃபார்ம் படிக்கிறேன். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்துக்கான பிளாஸ்மிட்டை (வட்ட டிஎன்ஏவை), பாலிலைசின் என்ற நேர்மின் பாலிமரோடு சேர்த்துத் துகளாக்கி, ஹெக் 293 என்ற மனித செல்களுக்குக் கொடுத்தேன். டிஎன்ஏவில் சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கிறேன். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், எல்லாச் செல்லிலும் உட்கருவைச் சுற்றிக் கடுகு கொட்டினாற்போல் சிவப்புப் புள்ளிகள். பச்சையோ எங்கோ ஒன்றிரண்டு செல்லில்தான். டிஎன்ஏவைக் கூட்டினேன், புள்ளி கூடியது, பச்சை கூடவில்லை. மூன்று தடவை செய்தாயிற்று. இந்தக் குளிரில் துகள் கெட்டுப்போகிறதா?

குன்னூர்க்காரர்:
குளிர் காரணமில்லை தங்கச்சி. கெட்டிருந்தால் இவ்வளவு நன்றாக உள்ளே போயிருக்காது. தனித்தனிக் கடுகாகத் தெரிகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. துகள் செல்லுக்குள் வந்தும், செல் அதை விழுங்கிய சவ்வுப் பையான என்டோசோமை விட்டு வெளியேறவில்லை. அந்தப் பை போகப்போக அமிலமாகி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் முடியும். அங்கே பிஹெச் 5-க்கும் கீழே இறங்கும், நொதிகள் டிஎன்ஏவைத் தின்றுவிடும்.

பாலிலைசினின் அமீன்கள் நடுநிலை பிஹெச்சிலேயே புரோட்டானை ஏற்று நிரம்பிவிடுகின்றன. பிஇஐ (பாலிஎத்திலீன் இமைன்) என்ற பாலிமர் அப்படியல்ல. அதன் சங்கிலியில் மூன்றாவது அணுவுக்கு ஒரு நைட்ரஜன், அதில் பல காலியாகக் காத்திருக்கும். பை புரோட்டானை உள்ளே இறைக்க இறைக்க, பிஇஐ அதை உறிஞ்சும். குளோரைடு பின்னாலேயே வரும், அப்புறம் தண்ணீர். பை ஊதிக் கிழியும். புரோட்டான் பஞ்சு என்பது இதைத்தான்.

முதலில் செல் தட்டின் ஒரு குழியில், துகள் பையிலிருந்து வெளியேற உதவும் குளோரோகுயின் மருந்தை 100 மைக்ரோமோலார் சேர்த்து, 4 மணி நேரத்தில் மீடியம் மாற்றுங்கள். பச்சை கூடினால் சிக்கல் பையில்தான். துகள் இல்லாமல் குளோரோகுயின் மட்டும் போட்ட குழியும் கட்டாயம் வேண்டும். அது செல்லைக் கொல்லக்கூடியது.

கோத்தகிரி அக்கா:
அண்ணன் சொன்ன சோதனை சரி. ஆனால் பஞ்சுக் கதையை அப்படியே தீசிஸில் எழுதிவிடாதேம்மா. பிஇஐ போட்டும் லைசோசோமின் பிஹெச் மாறவில்லை என்று 2013-இல் அளந்து காட்டினார்கள். பாலிமர் சவ்வைத் தொட்ட இடத்திலேயே ஓட்டை போடுகிறது என்பது இன்னொரு விளக்கம். உனக்கே பார்க்க ஆசையிருந்தால், ஒளிரும் காலெக்டின்-8 புரதம் உள்ள செல்லில் செய்து பார். பை கிழிந்த இடத்தில் அது போய்க் குவியும். பிஇஐக்கு மாறினால் அளவைச் சிறிதாகத் தொடங்கு. கூடினால் செல் உருண்டு மிதக்கும்.

ஊட்டி மாணவி:
அண்ணா, அக்கா, குளோரோகுயின் குழியில் பச்சை வந்துவிட்டது! நுண்ணோக்கியின் ஒவ்வொரு புலத்திலும் எண்ணும் அளவுக்கு இருக்கிறது. துகளில்லாத குழியில் செல்களும் ஒட்டியேதான் இருக்கின்றன. இனிமேல் டிஎன்ஏவைக் கூட்டப்போவதில்லை. திங்கட்கிழமை பிஇஐயை மூன்று அளவில் வைக்கிறேன், பாலிலைசின் குழியும் பக்கத்திலேயே இருக்கும்.