பாஸ்த்ரூ கொடுத்தா "நடுவில் டிரைவரே இல்லை"யாமே?

#1 கம்பிக்காரன்
பக்கத்து இழையில ஒருத்தர் விஎஃப்ஐஓ (லினக்ஸ்ல வன்பொருளை மெய்நிகர் மெஷினுக்குத் தர்ற வசதி) கையேடு போட்டிருக்கார். ஹோஸ்டுல (நிஜ மெஷின்ல) இருக்கற நெட்வொர்க், கிராஃபிக்ஸ் மாதிரி பிசிஐ கார்டை விஎம்முக்கு (அதுக்குள்ள ஓடற மெய்நிகர் மெஷின், அதாவது கெஸ்ட்) நேரா எப்படிக் கொடுக்கறதுன்னு படிப்படியா, அதுதான் பாஸ்த்ரூ. நல்ல விஷயம்தான். ஆனா நாலாவது பத்தியில இப்படி இருக்கு: "பாஸ்த்ரூ செய்தபின் ஹோஸ்ட் கெர்னல் முற்றாக விலகிவிடும். நடுவில் டிரைவர் என்று எதுவும் இல்லை. அதனால்தான் அந்த வேகம்."

படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ -என்என்கே (கார்டுகளையும் அதோட டிரைவரையும் காட்டற கட்டளை) அடிங்க. விஎம்முக்குக் கொடுத்த கார்டுக்குக் கீழ என்ன வருது? "கெர்னல் டிரைவர் இன் யூஸ்: விஎஃப்ஐஓ-பிசிஐ". டிரைவர் இல்லைன்னா அந்த வரி எங்கேருந்து வந்துச்சு? 2012ல, லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) 3.6ல உள்ள வந்த டிரைவர் அது. புதுசா கத்துக்கறவங்க இந்தக் கையேட்டை நம்பித்தான் மெஷின்ல கை வைக்கப் போறாங்க. தப்பைத் திருத்துங்க.

#2 மெய்நிகர்மாறன்
அதை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், ஒளித்து எழுத வேண்டியதில்லை.

கார்டின் நினைவகப் பகுதியை கியூஎமு (விஎம்மை ஓட்டும் நிரல்) எம்மேப் செய்து (தன் முகவரிவெளியில் இணைத்து) விருந்தினர் அமைப்பின் (கெஸ்டின்) முகவரிவெளியில் பொருத்திவிடுகிறது. அதன்பின் விருந்தினர் ஒரு ரெஜிஸ்டரில் எழுதினால் அது நேராகக் கார்டுக்குப் போகிறது, ஒரு விஎம் எக்சிட்கூட (கட்டுப்பாடு ஹோஸ்டுக்குத் திரும்புவது) நடப்பதில்லை. டிஎம்ஏவும் (கார்டு தானே ரேமைத் தொடுவது) ஐஓஎம்எம்யூ (கார்டு தொடும் முகவரிகளை மாற்றிக் காக்கும் வன்பொருள்) வழியாக நேரே விருந்தினரின் ரேமில் இறங்குகிறது. இந்தப் பாதையில் உங்கள் டிரைவர் எங்கே நிற்கிறது? பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதற்காகக் கடை திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது.

#3 கம்பிக்காரன்
பெயர்ப்பலகையா? சரி, உள்ளே போய்ப் பாப்போம்.

விஎம் ஓடும்போது ஹோஸ்டுல ப்ராக் இன்டரப்ட்ஸ் ஃபைலை (எந்த இன்டரப்ட், அதாவது கார்டு சிபியூவைத் தட்டற சிக்னல், எத்தனை வந்துச்சுன்னு காட்டும்) திறங்க. "விஎஃப்ஐஓ-எம்எஸ்ஐஎக்ஸ்"னு ஆரம்பிச்சு கார்டோட முகவரியோட வரிகள் இருக்கும். கெஸ்டுலேருந்து பிங் போட்டுக்கிட்டே அந்த எண்ணைக் கவனிங்க, ஏறிக்கிட்டே போகும். கார்டு தட்டினா கதவைத் திறக்கறது ஹோஸ்டுல இருக்கற விஎஃப்ஐஓ-பிசிஐ. அது ஈவென்ட்எஃப்டியை (கெர்னலோட அறிவிப்பு மணி) தட்ட, கேவிஎம் (விஎம்மை ஓட்டற கெர்னல் பகுதி) அதை எடுத்து கெஸ்டுக்குள்ள செலுத்துது. கான்ஃபிக் ஸ்பேஸை (கார்டோட அமைப்பு ரெஜிஸ்டர்கள்) கெஸ்ட் தொட்டா கியூஎமுவும் விஎஃப்ஐஓவும் நடுவுல நின்னு வடிகட்டித்தான் விடும். எம்எஸ்ஐ-எக்ஸ் அட்டவணையை (இன்டரப்ட் எங்க போகணும்னு சொல்றது) தொட்டாலும் அதே கதை. ஐஓஎம்எம்யூல மேப்பிங் போடறதும் ஹோஸ்ட் கெர்னல்தான், தானா முளைக்கல.

32 ஜிபி ரேம் கொடுத்து ஒரு விஎம் கிளப்புங்க. கார்டு இல்லாம டக்குன்னு எழும். கார்டைச் சேர்த்துக் கிளப்பினா கொஞ்ச நேரம் முழிச்சுக்கிட்டு நிக்கும். ஏன்? அந்த 32 ஜிபி முழுக்க ஒவ்வொரு பக்கமா பின் பண்ணி (ரேம்லயே நகராம பூட்டி) வைக்கணும். கார்டு எந்த முகவரியில எப்ப எழுதும்னு தெரியாது, அதனால ஒரு பக்கத்தைக்கூட ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாது. அதைச் செய்யறது யாரு? முற்றாக விலகிப் போன கெர்னலா?

#4 நடுநிசி_அட்மின்
ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. நீங்க பேசறது பகிர்வே இல்ல, தூக்கிக் கொடுக்கறது. ஒரு கார்டு ஒரு விஎம்முக்குப் போனா ஹோஸ்டுக்கும் இல்ல, மத்த விஎம்முக்கும் இல்ல. உண்மையில பகிரணும்னா விர்ட்ஐஓ (விஎம்முக்கு மென்பொருள் காட்டற மெய்நிகர் கார்டு). ஒரே நெட்வொர்க் கார்டு, மேல ஒரு பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்), அதுல 20 விஎம். 2010லேருந்து விஹோஸ்ட்-நெட் (விர்ட்ஐஓ நெட்வொர்க் வேலையைச் செய்யறது) கெர்னலுக்குள்ளயே இருக்கு. டாப் கட்டளையில பாத்தா "விஹோஸ்ட்"னு கியூஎமுவோட பிராசஸ் எண்ணைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு கெர்னல் த்ரெட் ஓடும். என் சர்வர்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான் ஓடுது, விஎம்மை ஒரு ஹோஸ்டுலேருந்து இன்னொண்ணுக்கு ஓடும்போதே நகர்த்தறேன். முதல்ல பகிர்வுன்னா என்னன்னு பேசி முடிச்சுட்டு அப்பறம் டிரைவருக்கு வாங்க.

#5 கம்பிக்காரன்
அட்மின் அண்ணே, அது வேற பஞ்சாயத்து. இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: நடுவுல டிரைவர் இருக்கா, இல்லையா?

#6 மெய்நிகர்மாறன்
கம்பிக்காரன் காட்டிய எண் பழைய செயலியில் ஏறும். போஸ்டட் இன்டரப்ட் (இன்டரப்டை வன்பொருளே விருந்தினருக்குள் தரும் வசதி) உள்ள செயலியில் பாருங்கள். விருந்தினரின் விசிபியூ (மெய்நிகர் செயலி) ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டின் இன்டரப்ட் ஹோஸ்டைத் தொடாமலே உள்ளே போகும், உங்கள் ஃபைலில் எண் அசையாது. பின் செய்வதும் மேப் செய்வதும் தொடக்கத்தில் நடக்கும் ஏற்பாடுகள். பந்தல் போட்டவரை மாப்பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. தரவு போகும் பாதையில் டிரைவர் இல்லை. நாலாவது பத்தி சொல்வது அதைத்தான்.

#7 கம்பிக்காரன்
"தரவு போகும் பாதையில்"னு இப்ப சேர்க்கறீங்க. பத்தியில அந்த வார்த்தை இல்லவே இல்ல. "டிரைவர் என்று எதுவும் இல்லை". எதுவும்! விசிபியூ தூங்கிட்டா இன்டரப்ட் யார்கிட்ட வருது? ஹோஸ்ட்கிட்டதான். அதையும் சேர்த்து எழுதுங்க.

#8 பைட்டம்மா
அந்தக் கையேட்டால மாட்டிக்கிட்டவ நான், அதனால சொல்றேன். என் மெஷின்ல ஒரே மாடல் நெட்வொர்க் கார்டு ரெண்டு. ஒண்ணு ஹோஸ்டுக்கு, ஒண்ணு விஎம்முக்குன்னு திட்டம். கையேட்டுல சொன்னபடி பூட் வரியில விஎஃப்ஐஓ-பிசிஐக்குக் கார்டோட ஐடியைக் கொடுத்துட்டு ரீபூட் போட்டேன். ரெண்டு கார்டுக்கும் ஒரே ஐடி. ரெண்டையும் பிடிச்சுக்கிச்சு. எஸ்எஸ்ஹெச் போச்சு, பிங் போச்சு. மெஷின் இருக்கற அறைக்கே போய் மானிட்டர் மாட்டிப் பாத்தாத்தான் தெரிஞ்சுது, ஹோஸ்டுக்குன்னு ஒரு கார்டுகூட மிச்சமில்ல. கிரப்ல (பூட் மெனு) அந்த வரியை அழிச்சு பூட் பண்ணி, அப்பறம் டிரைவர்_ஓவர்ரைட்ல (இந்தக் கார்டுக்கு இந்த டிரைவர்னு சொல்ற வசதி) முகவரியை வெச்சு ஒரு கார்டை மட்டும் பிடிச்சேன். கெர்னல் 3.16லேருந்து அந்த வசதி இருக்கு. கையேட்டுல அதைப் பத்தி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

#9 கம்பிக்காரன்
கேட்டுக்கோங்க! ரெண்டு கார்டையும் பிடிச்சது யாரு? இல்லாத டிரைவரா?

#10 மெய்நிகர்மாறன்
பைட்டம்மா, ஒரே ஐடி சிக்கலை நான் எழுதியிருக்க வேண்டும். இன்றே சேர்க்கிறேன்.

கம்பிக்காரனுக்கு: அது பிடித்து வைப்பதே வேறு டிரைவர் வந்து கார்டைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். வாசலில் நிற்கும் காவலாளி வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார்.

#11 கம்பிக்காரன்
முதல்ல பெயர்ப்பலகை, அப்பறம் பந்தல்காரர், இப்ப காவலாளி. நாளைக்கு என்ன, தோட்டக்காரரா? ஆள் இருக்கார்னு நீங்களே மூணு தடவை சொல்லியாச்சு.

எஸ்ஆர்-ஐஓவிக்கு வாங்க. ஒரே கார்டை வன்பொருளே பல துண்டா வெட்டிக் கொடுக்கும். இன்டெல் 82599 நெட்வொர்க் சிப்புல ஒரு போர்ட்டுக்கு லினக்ஸ்ல 63 விஎஃப் (அந்தத் துண்டு) வரைக்கும் எடுக்கலாம். அந்தத் துண்டுகளை உண்டாக்க எஸ்ஆர்ஐஓவி_நம்விஎஃப்எஸ் ஃபைல்ல எண்ணை எழுதறோமே, அதைக் கேட்டு வேலை செய்யறது யாரு? ஹோஸ்டுல இருக்கற பிஎஃப் (முழுக் கார்டோட) டிரைவர். விஎஃப்போட மேக் முகவரி, விலான் எல்லாத்துக்கும் அதுதான் பொறுப்பு. கெஸ்டுல இருக்கற விஎஃப் டிரைவர் ஏதாவது வேணும்னா மெயில்பாக்ஸ்ல பிஎஃப் டிரைவருக்குத்தான் மனு போடும். அங்கயும் டிரைவர், இங்கயும் டிரைவர்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வருஷம் ஏசிஎஸ் (கார்டுகள் நேரா பேசிக்காம தடுக்கற பிசிஐ வசதி) ஓவர்ரைட் பேட்ச் போடுங்க, ஐஓஎம்எம்யூ குரூப் (தனித்தனியா பிரிச்சுக் கொடுக்க முடியாத கார்டுகள்) அழகா பிரியும்னு எல்லாருக்கும் சொன்னதும் இதே மாறன்தான். 2013லேருந்து சுத்துது அந்தப் பேட்ச், மெயின்லைன்ல (அதிகாரபூர்வ கெர்னல்ல) சேர்க்கவே இல்ல. ஏன்னா அது குரூப்பைப் பிரிக்கல, பிரிஞ்சிருக்குன்னு கெர்னலை நம்ப வைக்குது. ரெண்டு கார்டு ஐஓஎம்எம்யூ பக்கமே போகாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்க முடியும்னா, அதை ஆளுக்கொரு விஎம்முக்குக் கொடுக்கறது பாதுகாப்பா? அன்னிக்கும் நான் சொன்னேன், யாரும் கேக்கல.

#12 மெய்நிகர்மாறன்
அதுதானே பார்த்தேன். இது நாலாவது பத்தியைப் பற்றிய இழையே இல்லை, போன வருஷத்துக் கோபம். அன்று நான் "வீட்டு மெஷினில், ஆபத்து தெரிந்து" என்று எழுதினேன். அந்த வார்த்தைகளை வசதியாக விட்டுவிட்டீர், தம்பி.

#13 கம்பிக்காரன்
தம்பியா? கேவிஎம் கெர்னலுக்குள்ள வந்தது 2007ல, 2.6.20ல. அன்னியிலேருந்து இதே வேலையில இருக்கேன். தம்பி கிம்பின்னு கூப்பிடற வேலை வேணாம். அப்பறம் அந்த "விருந்தினர் அமைப்பு"ன்னு எழுதறதையும் விடுங்க. பிழைச்செய்தியில கெஸ்ட்னுதான் வரும், தேடறவன் அதை வெச்சுத்தான் தேடுவான்.

#14 மெய்நிகர்மாறன்
தமிழில் எழுதுவதும் இப்போது குற்றமா? பத்து பேராவது அந்தக் கையேட்டைத் தமிழில் இருப்பதால் படித்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். "விருந்தினர்" அப்படியே இருக்கும்.

#15 நடுநிசி_அட்மின்
விருந்தினர்னே எழுதட்டும், எனக்கு அது பிடிச்சிருக்கு. ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. கார்டை இப்படிக் கொடுத்துட்டா லைவ் மைக்ரேஷன் (விஎம்மை ஓடும்போதே நகர்த்தறது) என்னாகும்? கெர்னல் 5.18லதான் விஎஃப்ஐஓ மைக்ரேஷன் ஒரு உருப்படியான வடிவத்துக்கு வந்துச்சு, அதுக்கும் கார்டுக்கேத்த டிரைவர் வேணும். எல்லாக் கார்டுக்கும் கிடையாது.

#16 கம்பிக்காரன்
"கார்டுக்கேத்த டிரைவர் வேணும்." அட்மின் அண்ணனே சொல்லிட்டார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

#17 நடுநிசி_அட்மின்
நான் சொன்னது அதுக்கில்ல. என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க.

#18 கம்பிக்காரன்
மாறனுக்கு ஒரு சவால். விஎம் ஓடும்போதே விஎஃப்ஐஓ-பிசிஐலேருந்து கார்டை அன்பைண்ட் பண்ணுங்க. ஒண்ணு கெஸ்ட் கையிலேருந்து கார்டு போயிடும், இல்ல அடிச்ச கட்டளை அப்படியே தொங்கும். டிரைவர் இல்லைன்னா எதுவுமே ஆகக் கூடாது இல்லையா? பண்ணிப் பாத்துட்டு வந்து பேசுங்க.

#19 மெய்நிகர்மாறன்
அது கார்டைத் திரும்பக் கேட்கும் ஏற்பாடு. திரும்பக் கேட்டால் போகத்தான் செய்யும். கேட்காதவரை தரவு எதன் வழியாகப் போகிறது என்பதற்கு இதுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை. பத்தி நான்கை மாற்ற மாட்டேன்.

#20 புதுக்கெஸ்ட்
எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன சந்தேகம். கிராஃபிக்ஸ் கார்டை விஎம்முக்குக் கொடுத்திருக்கேன். முதல் தடவை நல்லா ஓடுது. விஎம்மை நிறுத்திட்டு மறுபடி கிளப்பினா திரை கருப்பாவே நிக்குது, ஹோஸ்டை ரீபூட் பண்ணாத்தான் சரியாகுது. இது ரீசெட் பிரச்சனையா?

#21 கம்பிக்காரன்
ஆமா, ரீசெட்தான். அந்த ரீசெட்டை அடிக்கறது யாருன்னு நினைக்கறீங்க? விஎஃப்ஐஓ-பிசிஐ! கியூஎமு கார்டைத் திறக்கும்போதும் மூடும்போதும் அதுதான் அடிக்கும். எல்எஸ்பிசிஐ -என்என்கே போட்டு அந்த வரியை இங்க ஒட்டுங்க, மாறன் பாக்கட்டும்.

#22 மெய்நிகர்மாறன்
எஃப்எல்ஆர் (ஃபங்ஷன் லெவல் ரீசெட்) என்பது கார்டின் வன்பொருளில் இருக்கும் வசதி. அது சரியாக இல்லாத கார்டில் எந்த டிரைவர் வந்து அடித்தாலும் எழும் என்று உறுதியில்லை. புதுக்கெஸ்ட், அவர் சொன்ன வரியை ஒட்ட வேண்டாம். எல்எஸ்பிசிஐ -விவிவி ரூட்டாகப் போட்டு, "எஃப்எல்ரீசெட்" என்பதற்குப் பக்கத்தில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

#23 கம்பிக்காரன்
ரெண்டையும் ஒட்டுங்க. என் வரி முதல்ல.