தத்துக்குப் போகும் குழந்தைக்கு நான்தான் அப்பா என்று கேட்க வழி உண்டா?

துபாய்வாசி:
நானும் அவளும் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், கல்யாணம் ஆகவில்லை. நான் வேலைக்கு இங்கே வந்ததும் பேச்சு நின்றுபோனது. குழந்தை பிறந்ததே போன வாரம்தான் தெரியும். அவள் தோழி போட்டோ அனுப்பினாள். கணுக்காலில் ஆஸ்பத்திரிப் பட்டை. எனக்கும் அப்பாவுக்கும் போலவே இரண்டாவது கால்விரல் நீளம். பிறந்த பத்தாம் நாள் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்துவிட்டாளாம். இப்போது மூன்று மாதம். என்னை யாரும் கேட்கவில்லை. நான் கேட்க முடியுமா?

வக்கீல் அக்கா:
தம்பி, ஒப்படைத்தவர் மனம் மாற 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டம் தரும் அவகாசம் இரண்டு மாதம். அது போய்விட்டது. மணமாகாத தாய் என்றால் விதிமுறைப்படி அவள் கையெழுத்தே போதும், அதனால்தான் உங்களைத் தேடவில்லை. ஆனால் 2021-ல் கேரள உயர் நீதிமன்றம், சேர்ந்து வாழ்ந்தவர்களின் குழந்தையை ஒப்படைக்கும்போது மணமானவர்களின் குழந்தையாகவே பார்க்க வேண்டும் என்று சொல்லி, தத்துக்குத் தகுதி என்ற அறிவிப்பை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம். ஒன்று கவனியுங்கள்: அங்கே தாயும் சேர்ந்துதான் குழந்தையைக் கேட்டார். இங்கே அவள் என்ன சொல்கிறாள்?

மாவட்ட ஆட்சியர் தத்து உத்தரவு போட்டுவிட்டால் பிறந்த குடும்பத்தோடு உறவு சட்டப்படி அறுந்துவிடும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். டி.என்.ஏ. சோதனை கேட்டவுடன் கிடைக்காது. முதலில் ஒரே வீட்டில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். உடனே நலக்குழுவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

துபாய்வாசி:
வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது அக்கா. அவள் போனை எடுக்கவில்லை.

நிலாவின் அம்மா:
என் மகள் தத்து வந்தவள். ஐந்து மாதத்தில் வந்தாள். முதல் வாரம் முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கினாள். இன்னொரு வீட்டில் உங்கள் குழந்தை அப்படிப் பிடிக்கத் தொடங்குமுன் போங்கள். ஒருவேளை குழந்தை ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிருந்தால், அந்த வீட்டை நீங்களாகத் தேடிப் போகாதீர்கள், நீதிமன்றம் வழியாக மட்டும் கேளுங்கள். அப்புறம், அவளிடம் சண்டைக்கும் போகாதீர்கள். பத்து நாள் பிள்ளையைக் கையிலிருந்து இறக்கி வைத்தவள் அவள்.

துபாய்வாசி:
சரி அம்மா. ஞாயிறு இரவு வந்து இறங்குகிறேன். பத்திரம் எங்கள் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. பேரன் பிறந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.