பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் விண்டோஸ் துவங்கவில்லை: பழுது நீக்குவதா, மறுபடியும் நிறுவுவதா?

தாமிரக்கரை:
அனைவருக்கும் வணக்கம். என் மேசைக் கணினியில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதைக் கழற்றாமலேயே 500 ஜிபி கொள்ளளவுள்ள என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது ஹார்ட் டிஸ்க்கில் பழுதாகும் அறிகுறிகள் தெரிவதால் அதைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கினேன். துவங்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை என்ற செய்தி மட்டுமே வருகிறது. மறுபடி இணைத்தால் வழக்கம்போல் துவங்குகிறது. விண்டோஸின் வட்டு நிர்வாகக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்க்கும்போது, 100 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் (துவக்கக் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி) 'டிஸ்க் 0' எனப்படும் ஹார்ட் டிஸ்க்கிலும், சி டிரைவ் 'டிஸ்க் 1' எனப்படும் எஸ்எஸ்டியிலும் இருக்கின்றன. விண்டோஸை மறுபடியும் நிறுவினால்தான் சரியாகும் என்று எங்கள் ஊர்க் கணினிக் கடையில் சொல்கிறார்கள். கணக்கு மென்பொருள்களின் உரிமங்களையெல்லாம் மீண்டும் பதிய வேண்டியிருக்கும் என்பதால் தயங்குகிறேன். வேறு வழி உண்டா?

நெய்தல்நிலவன்:
கடையில் சொன்னது சரியான அறிவுரை என்பதே என் கருத்து. விண்டோஸ் நிறுவி, கணினியில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், அது வேறு வட்டில் இருந்தாலும் பெரும்பாலும் அதையே பயன்படுத்திக்கொள்ளும். எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது சி டிரைவின் இடத்தை மட்டுமே தீர்மானித்தது. எனவே ஆவணங்களைப் படியெடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, எஸ்எஸ்டி மட்டும் இருக்கும் நிலையில் மறுபடி நிறுவுங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷன், மீட்பு பார்ட்டிஷன் எல்லாம் உரிய இடத்தில், உரிய அளவில் தாமாகவே அமைந்துவிடும். பார்ட்டிஷன்களைக் கையால் வெட்டி ஒட்டும் வேலை, உள்ள தரவையும் இழக்க வைக்கக்கூடியது.

வட்டுக்காவலர்:
நெய்தல்நிலவன் அவர்கள் காரணத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். தீர்வில் நான் முற்றிலும் மாறுபடுகிறேன். கணினியை இயக்கியதும் மதர்போர்டில் உள்ள துவக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ, தன் நினைவகத்தில் உள்ள துவக்கக் குறிப்பைப் பார்த்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள விண்டோஸ் பூட் மேனேஜரை ஏற்றுகிறது. அந்த மேனேஜர், தன் அருகிலேயே இருக்கும் பிசிடி என்ற தரவுக்கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் உள்ளது என்று அறிந்து, அங்குள்ள ஏற்றியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. நண்பரின் கணினியில் இந்தச் சங்கிலியில் பூட் மேனேஜர், பிசிடி என்ற இரண்டு கண்ணிகள் மட்டுமே பழைய வட்டில் இருக்கின்றன. சில பத்து எம்பி அளவுள்ள அந்தக் கோப்புகளின் மூலப் பிரதிகள் சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், பழைய வட்டிலிருந்து எதையும் படியெடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. வாசல் கதவு இடம் மாறியிருப்பதற்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

வழிமுறை இதுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கி, அதிலிருந்து 300 எம்பி இடத்தைக் காலியாக்குங்கள். சாதாரண வட்டுகளுக்கு 100 எம்பி போதும்; 4 கிலோபைட் செக்டார்களை (வட்டில் தரவு எழுதப்படும் சிறு அலகுகளை) நேரடியாகப் பயன்படுத்தும் வட்டுகளுக்கு 260 எம்பி வேண்டும் என்பதால் 300 பாதுகாப்பானது. பிறகு நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, வட்டுகளைப் பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டை இயக்கி, எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, காலியான இடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, அதற்கு 'எஸ்' என்ற எழுத்தைக் கொடுங்கள். டிஸ்க்பார்ட்டிலிருந்து வெளியேறி, துவக்கக் கோப்புகளை அமைக்கும் பிசிடிபூட் கட்டளைக்கு மூலமாகச் சி டிரைவின் விண்டோஸ் கோப்புறையையும், இலக்காக எஸ் டிரைவையும், வகையாக யூஇஎஃப்ஐ என்பதையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

நெய்தல்நிலவன்:
எழுத்தில் இது எளிதாகத் தெரிகிறது; ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டவற்றில்தான் ஆபத்து இருக்கிறது. முதலாவது, டிஸ்க்பார்ட்டில் தவறான வட்டைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' என்று தட்டினால் அந்த வட்டின் பார்ட்டிஷன் அட்டவணை ஒரு நொடியில் போய்விடும். அது உறுதிப்படுத்தும் கேள்வி எதையும் கேட்பதில்லை. இரண்டாவது, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குடன் புதிதாக நிறுவப்படும் பல கணினிகளில், பயனர் கேட்காமலேயே சாதனக் குறியாக்கம் இயங்கத் தொடங்கிவிடுகிறது. துவக்கப் பாதையை மாற்றியதும் 48 இலக்க மீட்பு விசையைக் கணினி கேட்டால், அதைக் குறித்து வைக்காதவர் என்ன செய்வார்? மூன்றாவது, மீட்புச் சூழலும் (விண்டோஸ் துவங்காதபோது பழுது நீக்க உதவும் பகுதி) பழைய வட்டிலேயே இருக்கக்கூடும். துவக்கத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அதை மறந்தால், நாளை உண்மையான பழுது வரும்போது மீட்புத் திரை வராது.

வட்டுக்காவலர்:
மூன்றும் உண்மையான ஆபத்துகள், மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே தொடங்குமுன் பார்த்துக்கொள்ளக்கூடியவை. வட்டைத் தேர்ந்தெடுக்குமுன் பட்டியலில் அதன் கொள்ளளவைப் பாருங்கள். ஒரு டெராபைட்டையும் 500 ஜிபியையும் குழப்பிக்கொள்ள முடியாது. 'கிளீன்' என்ற கட்டளைக்கு இந்த வேலையில் இடமே இல்லை. பிட்லாக்கர் இயங்கினால், மீட்பு விசையை வேறோர் இடத்தில் எழுதி வைத்துவிட்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். மீட்புச் சூழல் எந்த வட்டில் உள்ளது என்பதை ரீஏஜென்ட்சி கட்டளையின் தகவல் பகுதி வட்டு எண்ணுடன் காட்டும். அது பழைய வட்டில் இருந்தால், அந்த வட்டு இணைந்திருக்கும்போதே அதைச் செயலிழக்கச் செய்யுங்கள். அதன் கோப்பு சி டிரைவுக்கு வந்துவிடும். வட்டைக் கழற்றிய பின் மீண்டும் செயல்படுத்தினால் போதும்.

மருதவாணன்:
இடையில் ஒரு கேள்வி. எந்தத் துவக்கச் சிக்கலுக்கும் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் இரண்டையும் இயக்குமாறு பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுற்றாமல் அதைச் செய்தால் என்ன? அல்லது ஹார்ட் டிஸ்க் இயங்கும்வரை அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன?

வட்டுக்காவலர்:
அந்தக் கட்டளைகள் முதன்மையாக எம்பிஆர் எனப்படும் பழைய வட்டுப் பிரிப்பு முறையைக் கொண்ட கணினிகளுக்கு உரியவை. ஜிபிடி எனப்படும் புதிய முறையில் பிரிக்கப்பட்ட வட்டில் யூஇஎஃப்ஐ வழியாகத் துவங்கும் கணினிக்கு ஃபிக்ஸ்எம்பிஆரால் பயன் இல்லை. ஃபிக்ஸ்பூட் பல கணினிகளில் அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லி நின்றுவிடும். எப்படியானாலும், இல்லாத பார்ட்டிஷனை அவை உருவாக்கித் தரப்போவதில்லை. அப்படியே விட்டுவிடுவது பற்றி: பழுதாகும் அறிகுறிகளைக் காட்டும் வட்டில்தான் துவக்கக் கோப்புகள் இருக்கின்றன என்பதே இந்தக் கேள்விக்குக் காரணம். அது நின்றுபோன பிறகும் இதே பழுதை நிறுவல் பென் டிரைவ் மூலம் நீக்கலாம். ஆனால் அந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தில் உள்ளது என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

நெய்தல்நிலவன்:
நண்பரின் கணினி யூஇஎஃப்ஐ முறையில் இருப்பதால் உங்கள் வழி பொருந்துகிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தாது. டிஸ்க்பார்ட் பட்டியலில் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இல்லாத வட்டு எம்பிஆர் முறையைச் சேர்ந்தது. அதில் டிஸ்க்பார்ட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் கட்டளை வேலை செய்யாது. 2017-இல் விண்டோஸ் 10-இன் 1703 பதிப்புடன் வந்த, எம்பிஆர் வட்டை ஜிபிடியாக மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியும், துவக்கக் கோப்புகளுள்ள ஆக்டிவ் பார்ட்டிஷன் அதே வட்டில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. எனவே அத்தகையவர்கள் முதலில் யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் துவக்க முறையிலேயே கோப்புகளை இடம் மாற்றி, பிறகு வட்டை ஜிபிடியாக மாற்றி, பிறகு மதர்போர்டு அமைப்பையும் மாற்ற வேண்டும். அவ்வளவு படிகள் வரும்போது மறுநிறுவல்தான் குறைந்த உழைப்பு என்று இன்னும் சொல்வேன்.

வட்டுக்காவலர்:
எம்பிஆர் வட்டைப் பொறுத்தவரை உங்கள் கணக்கை ஏற்கிறேன். தாமிரக்கரை அவர்களுக்கு இன்னும் ஒன்று. பிசிடிபூட் கட்டளைக்கு இலக்கு டிரைவைக் குறிப்பிட்டுக் கொடுக்கும்போது, அது மதர்போர்டின் நினைவகத்தில் புதிய துவக்கக் குறிப்பை எழுதுவதில்லை. ஆகவே ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும்வரை கணினி பழைய வழியிலேயே துவங்கும். அதைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய பின் இயக்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் மதர்போர்டின் துவக்கப் பட்டியலில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்கு முன் அழிக்கவே கூடாது.

தாமிரக்கரை:
இருவருக்கும் நன்றி. ஆவணங்களை வெளி வட்டில் படியெடுத்து, பிட்லாக்கர் இயங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வட்டுக்காவலர் சொன்ன வழியில் செய்தேன். ஹார்ட் டிஸ்க் இல்லாமலேயே கணினி துவங்குகிறது. இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் 'சிஸ்டம்' என்ற குறிப்பு எஸ்எஸ்டியின் புதிய பார்ட்டிஷனில் தெரிகிறது. மீட்புச் சூழல், நெய்தல்நிலவன் அவர்கள் எச்சரித்தபடியே பழைய வட்டில்தான் இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன்.

நெய்தல்நிலவன்:
மகிழ்ச்சி. அந்த ஹார்ட் டிஸ்க்கை வேறு கணினியில் பயன்படுத்துவதாக இருந்தால், அங்கே விண்டோஸை நிறுவும்போது அதைக் கழற்றி வையுங்கள். அதில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.